வெண்கலச் சட்டை: இலியட்டை நம்பிக் கவசம் செய்யலாமா?

ஒரு நல்ல கன்னாரிடம் ஹோமரின் இலியட் காவியத்தைக் கொடுத்து, "இதில சொல்லியிருக்கிற மாதிரியே அகமெம்னோன் அரசனுக்கு ஒரு மார்புக்கவசம் செய்து தாங்கோ ஐயா" என்று கேட்டால் என்ன நடக்கும்? அவர் 11ஆம் காண்டத்தைத் திறந்து பார்ப்பார். கருநீலப் பட்டை 10, பொன் பட்டை 12, வெள்ளீயப் பட்டை 20. கழுத்தை நோக்கி ஏறுகிற பாம்புகள் பக்கத்துக்கு 3. சைப்பிரஸ் மன்னன் கினிராஸ் அனுப்பிய பரிசு. எல்லாம் வடிவாக இருக்கு. பிறகு அவர் எங்களைக் கேட்கத் தொடங்குவார். தகடு எவ்வளவு தடிப்பு? பட்டைகள் குறுக்கே போகிறதா, நெடுக்கே போகிறதா? முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எதால பூட்டுறது? உள்ளுக்குத் தோல் வைக்கிறதா, துணி வைக்கிறதா? மொத்தம் எத்தனை கிலோ? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் இலியட்டிடம் பதில் இல்லை.

இருந்தும் 200 வருடங்களாக மனிதர்கள் இந்த வேலையை விடவில்லை. சிற்பிகள் செய்து பார்த்தார்கள், தொல்லியலாளர்கள் செய்து பார்த்தார்கள், கலைக் கல்லூரி ஒன்றில் செய்து பார்த்தார்கள். கடைசியாக 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகக் கிரேக்க மரைன் படைவீரர்கள் அப்படிச் செய்த கவசம் ஒன்றை உடுத்திக்கொண்டு சண்டையே போட்டுப் பார்த்தார்கள்.

இந்த முயற்சிகளைப் பற்றி நாங்கள் எழுத விரும்புவதற்குக் காரணம் கவசத்தின் கவர்ச்சி மட்டுமல்ல. ஒரு காவியத்தை வரலாறாக எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. "காவியத்தில இருக்கு, அப்ப அது நடந்ததுதான்" என்று சொல்பவர்களையும், "காவியம்தானே, எல்லாம் கட்டுக்கதை" என்று தள்ளிவிடுபவர்களையும் நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். இரண்டு பேரும் காவியத்தை ஒரே துண்டாகத்தான் பார்க்கிறார்கள். வெண்கலத்தில் கை வைத்தவர்களுக்கு அப்படிப் பார்க்க முடியாமல் போனது.

பாட்டுக்குள் இருப்பது

இலியட் 24 காண்டங்கள், 15,000 அடிகளுக்கு மேல். கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பது பலருடைய கருத்து. ஆனால் அது பாடுகிற ட்ரோய் யுத்தம் வெண்கலக் காலத்தின் கடைசிப் பகுதியில், ஹோமருக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் நடந்ததாகச் சொல்லப்படுவது. இடையில் கிரேக்கத்தில் அரண்மனைகள் எரிந்தன, எழுத்தே மறந்துபோனது. பாட்டு மட்டும் வாய்வழியாகக் கைமாறிக் கைமாறி வந்தது.

அதில் வீரர்கள் கவசம் அணிகிற காட்சி 4 இடங்களில் விரிவாக வருகிறது. 3ஆம் காண்டத்தில் பாரிஸ், 11இல் அகமெம்னோன், 16இல் பட்ரோக்ளஸ், 19இல் அக்கிலிஸ். நாலு பேரும் ஒரே ஒழுங்கில்தான் அணிகிறார்கள். முதலில் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற காற்காப்பு. பிறகு மார்புக்கவசம். பிறகு தோளில் வாள். பிறகு கேடயம். பிறகு குதிரைமயிர்க் குஞ்சம் வைத்த தலைக்கவசம். கடைசியில் ஈட்டி.

இதை வெறும் பாட்டு மரபு என்று நினைத்துக் கடந்துபோகலாம். ஆனால் யாராவது உண்மையாக உடுத்திப் பார்த்தால் விசயம் விளங்கும். மார்பில் வெண்கலத் தகட்டைப் பூட்டின பிறகு குனிந்து காலில் கட்டுவது மகா கஷ்டம். ஆகவே கால்தான் முதல். வாளின் வாரும் கேடயத்தின் வாரும் தலைக்கு மேலால் போட வேண்டியவை. உயரமான குஞ்சத்தோடு தலைக்கவசத்தை முதலே மாட்டிவிட்டால் வார் அதில் சிக்கும். ஆகவே தலை பிறகு. ஈட்டி கையில் இருந்தால் வேறு ஒன்றையும் கட்ட ஏலாது, அதனால் அது கடைசி. இந்த வரிசையைக் கவிஞர் யோசித்துக் கண்டுபிடித்திருக்கத் தேவையில்லை. கவசம் அணிந்த உடம்புகளிடமிருந்து அது பாட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

முழுதாக நம்பியவர்கள்

இலியட்டின் 18ஆம் காண்டத்தில் கொல்லர்களின் தெய்வமான ஹெபைஸ்டஸ் அக்கிலிசுக்குப் புதிய கேடயம் ஒன்று செய்கிறார். உலகமே அதன் மேல் இருக்கிறது. சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், கல்யாணம் நடக்கிற ஒரு நகரம், முற்றுகைக்குள் இருக்கிற இன்னொரு நகரம், உழவு, அறுவடை, திராட்சைத் தோட்டம், நடனம், விளிம்பைச் சுற்றிப் பெருங்கடல். இதைச் செய்து பார்க்காமல் விட ஐரோப்பியக் கலைஞர்களுக்கு மனம் வரவில்லை. ஆங்கிலேயச் சிற்பி ஜோன் ஃப்ளக்ஸ்மன் வடிவமைத்த கேடயம் வெள்ளியில் வார்த்துப் பொன்முலாம் பூசப்பட்டு, 1821இல் நாலாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விருந்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பார்க்க அற்புதமானது. ஆனால் அது விருந்து மண்டபத்தில் வைக்கிற கேடயம், கையில் தூக்குகிற கேடயம் இல்லை.

காவியம் சொல்கிறபடியே தூக்குகிற கேடயமாகச் செய்தால்? 20ஆம் காண்டத்தில் அதன் அமைப்பு வருகிறது. 5 அடுக்கு: வெண்கலம் 2, உள்ளே வெள்ளீயம் 2, பொன் 1. எதிரியின் ஈட்டி 2 அடுக்கைத் துளைத்துப் பொன்னில் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் பொன் நடுவில் இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாமல்! பழங்காலக் கிரேக்க உரையாசிரியர்களே இந்த அடிகளில் தடுமாறினார்கள்.

நாங்கள் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கேடயம் 90 சென்ரிமீற்றர் விட்டம், ஒவ்வொரு அடுக்கும் 1 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைப்போம். வெண்கல அடுக்கு ஒன்று ஏறக்குறைய 5.6 கிலோ. வெள்ளீய அடுக்கு ஒன்று 4.6 கிலோ. பொன் அடுக்கு 12 கிலோவுக்கு மேல். மொத்தம் 33 கிலோ அளவில் வரும். பிற்காலக் கிரேக்கப் போர்வீரரின் வட்டக் கேடயம் 7 கிலோ அளவில்தான் இருந்தது. அக்கிலிஸ் தெய்வத்தின் பிள்ளை, தூக்குவார். மனிதரால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

அதே அக்கிலிசுக்கு வெள்ளீயத்தில் காற்காப்பு என்கிறது பாட்டு. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகுகிற மென்மையான உலோகம், மெல்லிய தகடாக இருந்தால் கையாலேயே வளைக்கலாம். அதால் ஈட்டியைத் தடுக்க முடியாது. ஆனால் அவசரப்பட்டுச் சிரிக்கவும் வேண்டாம். மைசீனிய காலக் கல்லறைகளில் மெல்லிய வெள்ளீயத் தகடு ஒட்டி வெள்ளி போல மினுங்க வைத்த மண்பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. மேற்பரப்பு மினுங்குவதற்கு வெள்ளீயம் என்ற பழக்கம் உண்மையாகவே இருந்தது. யாரோ ஒருவர் வெள்ளீயம் பூசிய காற்காப்பைக் கண்டிருக்கலாம். அது வாய்மாறி வரும்போது வெள்ளீயத்தால் ஆன காற்காப்பாக மாறியிருக்கலாம்.

நம்ப மறுத்தவர்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காற்று மற்றப் பக்கம் அடித்தது. ஹைன்ரிஷ் ஷ்லீமன் 1876இல் மைசீனியில் அகழ்வு செய்து பொன் முகமூடிகளோடு கனக்கப் பொருட்களை வெளியே எடுத்தார். அவற்றுள் காட்டுப்பன்றியின் தந்தத்தில் வெட்டிய, துளையிட்ட சிறு தகடுகளும் இருந்தன. இவை எதற்கு என்று கேட்டால் விடை இலியட்டின் 10ஆம் காண்டத்தில் இருந்தது. இரவில் வேவு பார்க்கப் போகிற ஒடிசியசுக்கு மெரியோனீஸ் ஒரு தலைக்கவசம் கொடுக்கிறார். தோலால் ஆனது, உள்ளே இறுக்கமான வார்கள், நடுவில் கம்பளி, வெளியே பன்றித் தந்தங்கள் ஒரு வரிசை இந்தப் பக்கமும் மறு வரிசை அந்தப் பக்கமுமாக. 1894இல் வுல்ஃப்காங் ரைஹெல் ஹோமரின் ஆயுதங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த இரண்டையும் பொருத்திக் காட்டினார். மைசீனியில் கிடைத்த சிறிய தந்தச் சிற்பத்தலையிலும் அதே மாதிரித் தலைக்கவசம், வரிசைக்கு வரிசை வளைவு மாறுகிறது. பாட்டு சொன்னது அப்படியே.

யோசித்துப் பாருங்கள். இந்த வகைத் தலைக்கவசம் ஹோமருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னமே வழக்கொழிந்துவிட்டது. பாடியவரும் கேட்டவரும் அப்படியொன்றைக் கண்ணால் கண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதைவிட விசித்திரம், 10ஆம் காண்டம்தான் இலியட்டில் பிந்திச் சேர்க்கப்பட்டது என்று பலர் கருதுகிற காண்டம். மிகப் புதிய பகுதி என்று சந்தேகிக்கப்பட்ட இடத்தில் மிகப் பழைய பொருள் இருக்கு!

ஆனால் இதே ரைஹெல் மார்புக்கவசத்தில் மறுபக்கம் போனார். மைசீனியக் கலையில் காணப்படுவது உடம்பு முழுவதையும் மறைக்கிற பெரிய கேடயங்கள்தான், அவ்வளவு பெரிய கேடயம் இருந்தால் மார்புக்கவசம் எதற்கு, ஆகவே இலியட்டில் வரும் உலோக மார்புக்கவசம் எல்லாம் பிற்காலத்தில் செருகியவை என்பது அவருடைய வாதம். கையில் சான்று இல்லாத நேரத்தில் அது நியாயமான வாதம்தான். ஆனால் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. இலியட் கிரேக்கர்களைத் திரும்பத் திரும்ப அழைக்கிற அடைமொழிகளில் ஒன்று "வெண்கலச் சட்டை அணிந்தவர்கள்". செருகல் என்றால் இவ்வளவு இடத்திலுமா செருகினார்கள்?

இங்கே மில்மன் பரியின் வேலையைச் சொல்ல வேண்டும். 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுத வாசிக்கத் தெரியாத பாணர்கள் ஆயிரக்கணக்கான அடிகளை எப்படிப் பாடுகிறார்கள் என்று அவர் பதிவு செய்தார். ஹோமரின் பாட்டும் அதே மாதிரி, தாளத்துக்கு அளவெடுத்துச் செய்த சொற்கோவைகளால் கட்டப்பட்டது என்பது அவருடைய முடிவு. ஒரு சொற்கோவை தாளத்தில் பொருந்தி உட்கார்ந்துவிட்டால் அதை யாரும் மாற்ற மாட்டார்கள். பொருள் மறந்துபோனாலும் சொல் இருக்கும். "வெண்கலச் சட்டை" அப்படித் தப்பிப் பிழைத்த சொல்லா? இதை வாதத்தால் முடிக்க இயலாது. மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது.

டென்ட்ரா, 1960

கிரேக்கத்தின் ஆர்கோலிட் பகுதியில் டென்ட்ரா என்று ஒரு கிராமம். 1960இல் சுவீடன், கிரேக்க ஆய்வாளர்கள் சேர்ந்து அங்கே 12ஆம் இலக்கக் கல்லறையைத் திறந்தபோது உள்ளே ஒரு முழு வெண்கலக் கவசம் இருந்தது. காலம் கி.மு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதாவது ட்ரோய் யுத்தத்துக்குச் சொல்லப்படுகிற காலத்தைவிடவும் பழையது.

மார்புக்கு ஒரு தகடு, முதுகுக்கு ஒரு தகடு. இடது பக்கத்தில் பிணைச்சல் வைத்து இணைத்திருக்கிறார்கள். தோள்களுக்குப் பெரிய வளைந்த காப்பு. அக்குளை மறைக்க முக்கோணத் தகடுகள். தாடை வரை உயர்ந்து நிற்கிற கழுத்துக்காப்பு. இடுப்பிலிருந்து தொங்குகிற வளைந்த தகடுகள் 3 சோடி. காற்காப்பும் முன்கைக் காப்பும் இருந்தன. கூடவே பன்றித் தந்தத் தலைக்கவசமும். தகடுகள் 1 மில்லிமீற்றர் அளவு தடிப்பு. விளிம்பைச் சுற்றிச் சிறு துளைகள், உள்ளே தோல் வைத்துத் தைப்பதற்கு. தகடுகளைத் தோல் வார்களால் தளர்வாகக் கட்டியிருக்கிறார்கள், அசைவதற்கு இடம் விட்டு. இப்போது நாவ்பிலியோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரைஹெலின் வாதம் ஒரே நாளில் விழுந்தது. வெண்கலச் சட்டை உண்மையிலேயே இருந்தது.

முதலில் சொன்ன கன்னாரின் கேள்விகளுக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. தடிப்பு, பிணைச்சல், துளை, வார், உள்தோல். காவியம் விட்ட இடத்தையெல்லாம் கல்லறை நிரப்பியது. ஆனால் கல்லறை சொல்லாத ஒன்றும் இருந்தது: இதை உடுத்திக்கொண்டு மனிதர் உண்மையாகவே சண்டை பிடித்தாரா? பார்த்தவர்கள் பலருக்கு அது தகரப்பேணிக்குள் ஆளை நிறுத்தின மாதிரித் தெரிந்தது. சடங்குக்கு உடுத்தியிருப்பார்கள், அல்லது தேரில் அசையாமல் நின்றிருப்பார்கள் என்று சொன்னார்கள். இந்தக் கேள்விக்கு விடை வர இன்னும் 60 வருடத்துக்கு மேல் எடுத்தது.

எழுதுவினைஞரின் கணக்கு

அதற்கு முதல் இன்னொரு சாட்சியைக் கூப்பிட வேண்டும். 1952இல் மைக்கல் வென்ட்ரிஸ் "லீனியர் பி" என்ற எழுத்தை வாசித்தார். மைசீனிய அரண்மனைகளின் களிமண் பலகைகள் கிரேக்க மொழியில் பேசத் தொடங்கின. அவை சொன்னது பாட்டு இல்லை, கணக்கு. பைலோஸ் அரண்மனைப் பலகைகளில் மார்புக்கவசங்கள் வருகின்றன, ஹோமர் சொல்கிற அதே சொல்லோடு. ஒவ்வொன்றுக்கும் பெரிய தகடு 20, சிறிய தகடு 10, தலைக்கவசத்துக்கு 4, கன்னக்காப்புக்கு 2 என்ற மாதிரி எண்ணி வைத்திருக்கிறார்கள். கிறீற் தீவின் குனோசஸ் பலகைகளில் தேர், குதிரை, கவசம் என்று ஆளுக்குக் கொடுத்த பட்டியல். சில பலகைகளில் கவசத்தின் குறியை அழித்துவிட்டு அந்த இடத்தில் உலோகப் பாளத்தின் குறியைப் போட்டிருக்கிறார் எழுதுவினைஞர்.

இன்னும் சில பலகைகளில் வெண்கலத் தொழிலாளரின் பெயர்கள் இருக்கின்றன. இன்னாருக்கு இவ்வளவு வெண்கலம் நிறுத்துக் கொடுத்தது, இன்னாருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று. இது சாதாரண விசயம் இல்லை. வெண்கலத்துக்கு ஏறக்குறைய 9 பங்கு செம்பும் 1 பங்கு வெள்ளீயமும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். துருக்கிக் கரையோரம் உளுபுருன் என்ற இடத்தில் கண்டெடுத்த கி.மு. 14ஆம் நூற்றாண்டுக் கப்பலில் 10 தொன் அளவு செம்பும் 1 தொன் அளவு வெள்ளீயமும் இருந்தன. அப்படிக் கடல் கடந்து வருகிற உலோகத்தை வாங்கவும் நிறுக்கவும் பங்கிடவும் ஓர் அரண்மனை வேண்டும், ஒரு கந்தோர் வேண்டும். டென்ட்ராக் கவசம் மாதிரி ஒன்றுக்குப் பின்னால் ஒரு முழு நிர்வாகமே இருந்தது.

இலியட்டில் இந்தக் கந்தோர் இல்லை. அங்கே கவசம் பரிசாக வரும், கொள்ளையாக வரும், தெய்வத்திடமிருந்து வரும். பன்றித் தந்தத் தலைக்கவசம் யார் திருடி யாருக்குக் கொடுத்து யார் கைக்கு வந்தது என்று 4, 5 பேரைச் சொல்கிற பாட்டு, அதைச் செய்தவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அயக்சின் கேடயத்தைத் தைத்த டிகியோஸ் என்ற தோல் தொழிலாளிக்கு ஒரு பெயர் கிடைத்தது அபூர்வம்.

ஒரே சமவெளியில் இரண்டு கவசம்

டென்ட்ரா கிடைத்தவுடன் "ஹோமர் சொன்னதெல்லாம் உண்மை" என்று கொண்டாடியவர்களும் உண்டு. அதற்கும் அதே சமவெளியிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. டென்ட்ராவிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் ஆர்கோஸ் நகரம். அங்கே 1953இல் பிரெஞ்சு அகழ்வாளர்கள் இன்னொரு வீரரின் கல்லறையைத் திறந்தார்கள். காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசி, அதாவது ஹோமரின் காலம். அதிலும் ஒரு வெண்கலக் கவசம். ஆனால் முற்றிலும் வேறு. மார்புக்கும் முதுகுக்கும் இரண்டே தகடு, இடுப்பில் மணி மாதிரி விரிகிறது. தோள்காப்பு இல்லை, கழுத்துக்காப்பு இல்லை, தொங்கும் தகடுகள் இல்லை. உயர்ந்த கொண்டையுள்ள தலைக்கவசம். கூடவே இறைச்சி சுடுகிற இரும்புக் கம்பிகள்.

இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 700 வருடம். இலியட்டுக்குள் இரண்டும் கலந்து கிடக்கு. ஹெக்டரின் கேடயம் ஓரிடத்தில் நடக்கும்போது கழுத்திலும் கணுக்காலிலும் இடிக்கிறது, அது பழைய காலத்து ஆள்மறை கேடயம். இன்னோரிடத்தில் அதே ஹெக்டரின் கேடயம் எல்லாப் பக்கமும் சமமானது, அது வட்டக் கேடயம்.

22ஆம் காண்டத்தில் ஹெக்டர் சாகிற இடத்தைப் பாருங்கள். அக்கிலிஸ் ஈட்டியோடு இடைவெளி தேடுகிறார். உடம்பெல்லாம் வெண்கலம். காறையெலும்பு கழுத்தைச் சந்திக்கிற தொண்டைக்குழி மட்டும் திறந்திருக்கிறது. ஈட்டி அங்கே இறங்குகிறது. டென்ட்ராக் கவசம் மிகக் கவனமாக மூடியிருக்கிற இடமே அதுதான்! ஹெக்டர் டென்ட்ராக் கவசம் அணிந்திருந்தால் இந்தக் காட்சி இப்படி முடிந்திருக்க முடியாது. ஆர்கோஸ் மாதிரிக் கவசம் அணிந்திருந்தால் முடியும். "வெண்கலச் சட்டை" என்ற சொல் எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மரணத்தைப் பாடியவரின் கண்முன்னால் இருந்தது தன் காலத்துக் கவசம் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

ஆகவே "இலியட்டின் கவசத்தை" மீளச் செய்வது முடியாத காரியம். அப்படி ஒரு கவசம் எந்த ஒரு நாளிலும் இருந்ததில்லை. டென்ட்ராவை மீளச் செய்யலாம், ஆர்கோசை மீளச் செய்யலாம். இலியட்டின் கவசம் பல தலைமுறைக் கவசங்களின் நினைவுகளைச் சேர்த்துத் தைத்தது.

உடுத்திப் பார்த்தால்

1980களில் பிரித்தானியாவின் பேர்மிங்காம் நகரில் போர்ன்வில் கலைக் கல்லூரியில் டென்ட்ராக் கவசத்துக்கு ஒரு பிரதி செய்தார்கள். எடை 20 கிலோவுக்கு மேல். கிரேக்கத்தின் தெசலிப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியர் அன்ட்ரியாஸ் ஃப்ளூரிஸ் தலைமையிலான குழு அதே வடிவத்தை 13 மரைன் படைவீரர்களுக்கு அணிவித்தது. 11 மணித்தியாலம். சண்டை எப்படி நடந்தது என்பதை இலியட்டிலிருந்தே எடுத்தார்கள்: எத்தனை தரம் மோதல், எப்போது ஓய்வு, எப்போது காலால் நின்று, எப்போது தேரிலிருந்து. சாப்பாடும் அந்தக் காலத்து மாதிரி: காய்ந்த பாண், மாட்டிறைச்சி, ஆட்டுப்பால் சீஸ், ஒலிவ், வெங்காயம், தேன், சிவப்பு வைன். இதயத் துடிப்பையும் உடல் வெப்பநிலையையும் அளந்துகொண்டே இருந்தார்கள். 2024 மே மாதம் முடிவு வெளியானது. வீரர்கள் களைத்தார்கள், ஆனால் விழவில்லை. கவசம் சண்டைக்கு ஏற்றது, சடங்குக்கு மட்டும் உரியது என்று தள்ளிவிட முடியாது.

இது நல்ல ஆய்வு. ஆனால் இது எதை நிரூபிக்கிறது என்பதில் நாங்கள் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். கவசம் கி.மு. 15ஆம் நூற்றாண்டு. சண்டை முறையை எடுத்த பாட்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டு. இந்த இரண்டையும் ஓர் உடம்பில் சேர்த்துப் பார்த்தால் "இப்படிச் சண்டை பிடிக்க முடியும்" என்று சொல்லலாம். "இப்படித்தான் சண்டை பிடித்தார்கள்" என்று சொல்ல அது போதாது. முடியும் என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையில்தான் வரலாறு எழுதுபவரின் வேலை இருக்கிறது. செய்தித் தலைப்புகள் இந்த இடைவெளியைத்தான் முதலில் விழுங்கும்.

இருந்தாலும் இல்லாததை நீக்குவதும் ஒரு அறிவுதான். "மனிதரால் இதை அணிந்து சண்டை பிடிக்கவே ஏலாது" என்ற வாதம் இனி இல்லை. அதை வாசித்து முடித்திருக்க முடியாது, உடுத்தித்தான் முடிக்க வேண்டியிருந்தது.

மறந்துபோன கைகள்

இந்த 200 வருடக் கதையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரிகிறது. வீரனைப் பெருமைப்படுத்தப் பாட்டு எங்கே அதிகம் மினுங்குகிறதோ, பொன் அடுக்கு, வெள்ளீயக் காற்காப்பு என்று, அங்கே அது சோதனையில் நிற்பதில்லை. வழியோடு சொல்லிவிட்டுப் போன இடங்கள்தான் நின்றன: ஓர் அடைமொழி, அணிகிற ஒழுங்கு, தந்தங்களை மாறி மாறி அடுக்கின விதம். கவிஞருக்கே முக்கியமாகத் தெரியாத இடத்தில்தான் பழைய உண்மை பத்திரமாக இருந்தது.

அதே நேரம் பாட்டு முழுதாக மறந்தது செய்தவர்களை. வெண்கலத் தகடு அடிப்பது பொறுமையான வேலை. வார்த்த தகட்டைச் சுத்தியலால் அடிக்க அடிக்க அது மெலியும், கூடவே இறுகும். இன்னும் அடித்தால் வெடிக்கும். ஆகவே நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, திரும்ப அடிக்க வேண்டும். 1 மில்லிமீற்றர் வரும்வரைக்கும் இதேதான். அதை ஒரு மனிதரின் தோளுக்கு அளவாக வளைக்க வேண்டும், விளிம்பு கழுத்தை வெட்டாமல் மடிக்க வேண்டும், நூற்றுக்கணக்கில் துளை போட வேண்டும். இலியட்டில் ஹெபைஸ்டஸ் 20 துருத்திகளை ஏவிவிட்டு ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். பைலோசில் பெயர் பதிந்த அந்தக் கன்னார்களின் வேலைநாட்கள் முழுவதையும் காவியம் ஒரு தெய்வத்தின் கையில் கொடுத்துவிட்டது.

பிரதி செய்ய இறங்குபவருக்கு அந்தச் சுகம் கிடையாது. அவர் தடிப்பைக் கேட்க வேண்டும், துளையை எண்ண வேண்டும், எந்த விளிம்பு யாருடைய தோலை வெட்டும் என்று யோசிக்க வேண்டும். காவியம் விட்டுவிட்ட மனிதரை அவர் திரும்பக் கண்டுபிடிப்பது அப்படித்தான். டென்ட்ராவில் புதைக்கப்பட்டவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவருடைய கவசத்தைச் செய்தவர் கழுத்துக்காப்பை எவ்வளவு உயர்த்தினார், இடுப்புத் தகடுகளை ஏன் தளரக் கட்டினார் என்று தெரியும். உடுத்துகிற ஆள் மூச்சு விடவும் குனியவும் ஓடவும் வேண்டும் என்று அவர் யோசித்திருக்கிறார்.

ஆகவே எந்த நாட்டுக் காவியத்தை யார் வரலாறு என்று கொண்டு வந்தாலும், "நம்புறியா, இல்லையா" என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லத் தேவையில்லை. இந்த வரி எந்தக் காலத்துப் பொருளைப் பார்த்துச் சொன்னது? மண்ணிலிருந்து இதற்கு என்ன கிடைத்திருக்கிறது? செய்து பார்த்தால் நிற்குமா? இதைச் செய்த கைகள் கதையில் எங்கே போயின? இந்த நாலையும் கேட்டுவிட்டுப் பிறகு கதைப்போம்.